பதினைந்தாவது ஜன்னல்

வரிசை எண் இருநூற்றுப் பதினேழு.
மரவீடு. செங்கல் அடித்தளம்.
வெள்ளைச் சுவர், பச்சைப் பலகைகள்.
கட்டியவர்: தெரியாது.
ஆண்டு: தெரியாது.
ஜன்னல்கள்: பதினான்கு.

மறுநாள் யாரோ பதினைந்து என்று திருத்தியிருந்தார்.
அதற்கு மறுநாள் பதினான்கு.
வெள்ளிக்கிழமை மறுபடி பதினைந்து.

பரமாரிபோவில் நாற்பத்து மூன்று பேர் படம் எடுக்கிறோம்:
ஒரு படகோட்டி, ஒரு பல் மருத்துவர்,
பள்ளிக்கு மட்டம் போடும் இரட்டையர்,
இன்னும் முகம் பார்த்திராத பலர்.
நான் மருந்துக்கடையில் கல்லாவில் இருப்பவள்.
இரவு பத்துக்கு மேல் அட்டவணையைப் பெருக்கித் துடைப்பேன்.
சம்பளம் இல்லை,
ஆகவே யாரும் என்னை வேலையைவிட்டு நீக்க முடியாது.

ஞாயிறு, மழை விட்ட இடைவெளியில்
சைக்கிளில் போய் நானே எண்ணினேன்.
பதினைந்து.
குடையை மடக்கிவிட்டு எண்ணினேன்.
பதினைந்துதான்.

மேல்தளத்தில் பனியனோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.
என் விரல் போகும் வரிசையிலேயே
ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார்,
பட், பட், பட்.
கடைசி மூலையில் சத்தம் இல்லை.
படியிறங்கி வந்து சொன்னார்:
"அதற்குப் பின்னால் சுவர்.
முகப்பு ஒருச்சாய்ந்து தெரியக் கூடாதென்று
கட்டினவன் அறைந்து வைத்த பொய்.
முப்பது வருஷமாய் அதற்கும் சேர்த்துத்தான்
பெயின்ட் அடிக்கிறேன்."

ஒர்மில்டோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
அளவு நாடாவின் மறுமுனையை அவரே பிடித்தார்.
உத்தரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
"எழுதிக்கொள், சுக்கினா, கறையான் தோற்றுப்போன மரம்."

அன்றிரவு எழுதினேன்:
ஜன்னல்கள் பதினான்கு, ஜன்னல்போல ஒன்று.
எண் மட்டும், என்றது அட்டவணை, சிவப்பில்.
பதினான்கை உள்ளே விட்டு
மற்றதைக் குறிப்புக் கட்டத்தில் ஒதுக்கினேன்.

அட்டவணையின் தலையில் ஒரு வரி உண்டு.
நான் எழுதியது:
யாரும், எதற்கும், கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.
கிணற்றுக்கு மூடி வேண்டாம் என்று
ஊரறியச் சொன்னவள் மாதிரி
அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டில் இடிப்புக் குத்தகைக்காரர் வந்தார்.
வாரிசுகள் பதினொரு பேர்,
கடலுக்கு அப்பால், ரோட்டர்டாமில்;
கையெழுத்து ஆகிவிட்டது.
அவர் நாடா கொண்டுவரவில்லை.
கையில் என் அட்டவணை,
அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள், நனையாமல்.
"யார் செய்ததோ, நல்ல வேலை" என்றார்.
கேலி இல்லை. உத்தரத்தைத் தட்டிப் பார்த்து
"இருபத்திரண்டு. சொன்னது சொன்னபடி."
மரம் எத்தனை கன மீட்டர்,
கதவு என்ன விலை, கீல் என்ன விலை,
எல்லாம் வீட்டிலிருந்தே போட்ட கணக்கு.
பதினான்கு ஜன்னலுக்கும் விலை இருந்தது.

குறிப்புக் கட்டத்தை அவர் அச்சிடவில்லை.

ஏணி வைத்து, ஆணி ஆணியாகப் பிடுங்கி,
பச்சைப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு
ஒர்மில்டோ அவர்கள் நடுவே நடந்து போனார்.
பட்டியலில் இல்லாததை யார் கேட்பார்கள்.
அது இருந்த இடத்தில்
சுவர் மட்டும் புதுச்சுவராய் வெளுத்துக் கிடந்தது
இரண்டு நாள்.

அந்த வரியின் மேல் வெகுநேரம்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
எண்ணினேன். இந்த முறை ஜன்னல்களை அல்ல.
மார்ச்சில் இதே அளவுகளை வைத்துத்தான்
நோர்பெர்ட்டா எரிந்துபோன தன் படிக்கட்டை
மறுபடி செய்தாள், கைப்பிடி வளைவு உட்பட;
அவளும் என்னைக் கேட்கவில்லை.
வரியை அழிக்கவில்லை.
சரியென்று பட்டதால் என்று சொல்லமாட்டேன்.
விரல் போகவில்லை.

டிசம்பரில் இரட்டையர் ஒரு படம் ஏற்றினார்கள்.
ஊருக்கு வெளியே, சாந்து பூசாத சிமென்ட் வீடு,
மேற்குச் சுவரில் ஒரு பச்சைப் பலகை.
வரிசை எண் ஆயிரத்து நூற்று ஆறு.
ஜன்னல்கள்: நான்கு.

பழைய கட்டடம் இல்லை;
விதிப்படி நீக்க வேண்டும்.

காலையில் பார்த்தால்
பல் மருத்துவர் மூன்று என்று திருத்தியிருந்தார்.
மாலைக்குள் மறுபடி நான்கு.
நடக்கட்டும் என்று
விளக்கை அணைத்தேன்.